நாற்பத்தொரு டின்

சிராங்கூன் சாலை அலுவலகம்
3 மார்ச் 2025

ரித்திக் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நாடகம் என்பீர்கள். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

என் எண்ணை உங்கள் கைபேசியில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே கம்பெனியின் பழுப்பு உறையில், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவே இதைச் செருகி அனுப்புகிறேன். வேன் ஓட்டும் இருதயராஜ், "என்னக்கா, உறை இன்னைக்கு குண்டா இருக்கு?" என்று கேட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேர் ஜாஸ்தி" என்றேன். நம்பவில்லை. நீங்கள் இருக்கும் தெம்பனிஸ் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிரித்துப் படித்திருந்தால், வணக்கம் இருதயராஜ், ஒட்டிவிடுங்கள்.

விஷயம் இதுதான். நம்மிடம் மெனு அட்டை அச்சடிக்கும் பெரிய ஹோட்டல்காரர்கள் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கிறார்கள். மாதக் கடைசியில் வெளி ஆடிட்டர் வருகிறார். அதற்கு முன் கம்பெனியே தன்னை ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டுமாம். கஃபார் முதலாளி இருந்தவரை நாம் சோதித்ததெல்லாம் டீயில் சர்க்கரை சரியா என்பதை மட்டும்தான். இப்போது அவர் மகள் இன்ஷா பொறுப்புக்கு வந்தாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டது அந்தப் பெண்.

"ஆன்ட்டி, பிரஸ்ல வேலை செய்யறவங்க பிரஸ்ஸை ஆடிட் பண்ணக் கூடாது லா. வெளியாள் வேணும். நீங்க பண்ணுங்க."

"நான் வெளியாளாம்மா? அங்க சூப்பர்வைசர் என் புருஷன்."

"நீங்க ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா பேசறதே இல்லையே ஆன்ட்டி! உங்களைவிட வெளியாள் எனக்கு எங்க கிடைப்பாங்க?"

இந்த நியாயத்துக்கு மேல் எது நியாயம் என்று ஒத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் ஆடிட் வகுப்புக்குப் போய்வந்தேன். இருபது பிள்ளைகள், எல்லாம் நம் ரித்திக் வயது. நடுவே கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரே ஆள் நான். 'ஆமா, இல்லை' என்று முடிகிற கேள்வி கேட்கக் கூடாதாம். 'காட்டுங்கள்' என்று கேட்க வேண்டுமாம். கண்ணால் பார்த்தது, வாயால் சொன்னது, தாளில் இருப்பது, இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எழுதிவிட வேண்டும். பயிற்சிக்கு அந்தக் கட்டடத்தின் டீ போடும் பேண்ட்ரியையே ஆடிட் செய்யச் சொன்னார்கள். பாத்திரம் கழுவும் மருந்தை எங்கே வைக்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். அங்கிருந்த அம்மா மாப்பைத் தூக்கிக் காட்டினார்.

கடைசியில் ஒரு படம் போட்டார்கள். எரிந்துபோன பட்டறை. இரும்பு அலமாரி மெழுகு மாதிரி வளைந்து கிடந்தது. எந்த நாட்டுப் படமோ. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன பயம் என்று சொல்லத் தெரியவில்லை; ஆனால் பயம்.

பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை வருகிறேன்.

மங்களம்


தெம்பனிஸ் பிரஸ்
5 மார்ச்

மங்களம்,

உறை வந்தது. ஒட்டித்தான் இருந்தது.

வேறு யாரையாவது அனுப்பச் சொல். உனக்கு முட்டி வலி, இங்கே படிகள் அதிகம். இயந்திரச் சத்தம் உனக்கு ஆகாது. பிரஸ் நன்றாக ஓடுகிறது. பார்க்க ஒன்றுமில்லை.

ரித்திக்குக்கு சாங்கி ஏர்போர்ட்டில் நைட் ஷிப்ட் மாறிவிட்டதா?

ரமணன்


சிராங்கூன் சாலை
7 மார்ச்

ரித்திக் அப்பாவுக்கு,

மாறிவிட்டது. பகலில் சரக்கு இறக்குகிறான், சாயங்காலம் வந்து நான் சமைத்ததைக் குறை சொல்கிறான். உங்கள் இடத்தை நன்றாகவே பார்த்துக்கொள்கிறான்.

முட்டி வலிக்கு நீங்கள் கவலைப்பட்டு எத்தனை வருடம் ஆகிறது! அதைப் படித்ததும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. சோதனைக்குப் போகுமுன் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்பது பாடம். நேற்று உட்கார்ந்து பார்த்தேன்.

இயந்திரம் கழுவும் தின்னரை வாங்குவது இந்த மேசையிலிருந்துதான். ஆகஸ்ட் 2023க்குப் பிறகு ஐம்பத்தேழு டின் வாங்கியிருக்கிறோம். கழுவியதில் கொஞ்சம் துணியோடும் காற்றோடும் போகும். மீதி அழுக்குத் தின்னரைத் திரும்ப டின்னில் பிடித்து வைத்து, அதற்கென்று உரிமம் வாங்கிய கம்பெனியை அழைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆன்லைனில் ஒரு படிவம். கடைசிப் படிவம் ஆகஸ்ட் 2023. நிரப்பியது நான். அதற்கு முன் ஒன்பது வருடமும் நான்தான்.

அதன் பிறகு நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. வேறு யாரையாவது வைத்துச் செய்திருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன். யாரும் செய்யவில்லை. ஒரு டின்கூட வெளியே போகவில்லை.

அப்படியானால் எங்கே போனது?

பின்பக்க லோங்காங்கில் ஊற்றினீர்களா? அது மழைத்தண்ணீர் போகும் கால்வாய். சாக்கடைக் குழாய் வேறு, அது வேறு. அந்தத் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து நம் குழாய்க்கு வருகிறது. இதை வகுப்பில் சொன்னபோது நான் பேனாவைக் கீழே போட்டேன். பிடிபட்டால் கோர்ட்டு. சூப்பர்வைசர் என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். இன்ஷா இல்லை, கஃபார் இல்லை, நீங்கள்.

ஆடிட்டர் இப்படி முன்கூட்டி எழுதக் கூடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். இன்று காலையிலிருந்து மூன்று பேருக்குத் தப்பான பில் போட்டிருக்கிறேன்.

ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். வகுப்பில் அது தப்பு. எனக்கு அதுதான் வேண்டும்.

மங்களம்


தெம்பனிஸ்
10 மார்ச்

மங்களம்,

இல்லை. ஒரு சொட்டு ஊற்றவில்லை. அந்த அளவுக்கு அறிவு கெட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை வா. மூடிய ஷூ போட்டு வா. சாவி என்னிடம் இருக்கிறது.

ரமணன்


புக்கிட் மேரா, வீடு
13 மார்ச்

ரித்திக் அப்பாவுக்கு,

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கண் மரத்துவிட்டது.

"காட்டுங்கள்" என்றேன். நீங்கள் பழைய பேப்பர் ஸ்டோரின் பூட்டைத் திறந்தீர்கள். முதலில் வாசனைதான் வந்தது, இனிப்பாக, அழுகிய பழம் மாதிரி. கண் எரிந்தது. பிறகு டின்கள். சுவரோடு சுவராக, தலைக்கு மேல்வரை. மூடி உப்பிக்கொண்டு சில. ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் இருபது லிட்டர். ஒரு பொறி போதும். அடுத்த சுவரில் கரண்டுப் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று அதற்கும் தெரியும்போல.

வகுப்பில் பார்த்த அந்த வளைந்த அலமாரி நினைவுக்கு வந்தது. நீங்கள், "பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்" என்றீர்கள். பத்திரமாம்! நகையா அது?

பிறகு அந்த ஸ்டோருக்கு மேலே இருக்கும் மச்சில் என்ன என்று கேட்டேன். "பழைய சாமான்" என்றீர்கள். முட்டி வலியோடு ஏறினேன். பாய். சுருட்டிய போர்வை. பிளாஸ்டிக் குவளையில் பிரஷ். ஆணியில் உங்கள் நீலச் சட்டை.

தெம்பனிஸில் ரூம் எடுத்திருக்கிறேன் என்று ரித்திக்கிடம் சொன்னீர்களே. ஒன்றரை வருடமாக அந்த நாற்பத்தொரு டின்னுக்கு மேலேயா படுத்திருந்தீர்கள்?

கீழே இறங்கியதும் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. திட்டியிருப்பேன். நீங்கள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். குடிக்கப் பயமாக இருந்தது. அதில் தப்பு ஒன்றுமில்லை, தெரியும். ஆனாலும்.

ரிப்போர்ட் எழுதிவிட்டேன். டின்களையும் எழுதினேன், பாயையும் எழுதினேன். எழுதாமல் விட அரை மணி நேரம் முயன்று பார்த்தேன், முடியவில்லை. இன்ஷா நோன்பு வாயோடு படித்தது. முகம் வெளுத்துப்போய், "ஆன்ட்டி, அங்கிள் இன்னைக்கே அங்கேருந்து வெளியே வரணும்" என்றது. டின்களை எடுக்க நாளைக் காலை ஆள் வருகிறது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். நான்கு நிமிடம் ஆனது. நான்கே நிமிடம்!

ரிப்போர்ட்டின் கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதை நான் எழுதக் கூடாது, நீங்கள்தான் எழுத வேண்டும். புதன்கிழமைக்குள். அதைப் பார்த்துத்தான் உங்கள் வேலையைப் பற்றி முடிவு செய்வதாக இன்ஷா சொல்கிறது.

இனி எங்கே படுக்கப் போகிறீர்கள்? ரித்திக்கிடமாவது சொல்லுங்கள்.

மங்களம்


தெம்பனிஸ்
17 மார்ச்

மங்களம்,

கூட வேலை செய்யும் சுஹைப் வீட்டில் இருக்கிறேன். ஹாலில் சோபா. அவன் வீட்டில் நோன்புக்காக விடியுமுன் சஹருக்கு எழுந்து என்னையும் சாப்பிடச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறேன்.

டின்கள் போய்விட்டன. லாரியில் ஏற்றும்போது ஒரு டின்னுக்கு அடி ஒழுகியிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கும் பயம் வந்தது. உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு, நான் மட்டுமே பொறுப்பு' என்று எழுதப் போகிறேன். முடிந்தது. ஐம்பத்தாறு வயது. வேறு வேலை பார்த்துக்கொள்வேன்.

நான் ஏன் உன்னிடம் கேட்கவில்லை என்று நினைப்பாய். டின் சேரத் தொடங்கியதும் ஒரு முறை முயன்றேன். நீ இல்லாமல் நானே அந்தப் படிவத்தைத் திறந்தேன். நான் மனிதன்தானா என்று அது கேட்டது. போக்குவரத்து விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னது. மூடிவிட்டேன்.

அதே படங்களைப் பற்றித்தான் அதற்கு வெகு முன்னால் ஒரு நாள், நானே நிரப்பிப் பார்க்கலாம் என்று தொடங்கி, உனக்கு போன் செய்து, விளக்கு மட்டுமா, கம்பமும் சேர்த்தியா என்று கேட்டேன். உன் அண்ணன் மகள் வர்ஷா கல்யாணத்தில் சாப்பாட்டு மேசையில் நீ அதை நடித்துக் காட்டினாய். என் குரலில். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு. சம்பந்திகள் சிரித்தார்கள். ரித்திக் சிரித்து அவனுக்குப் புரையேறியது.

எப்போதும் நடிப்பாய், நானும் சிரிப்பேன். அன்றைக்கு முடியவில்லை. அந்த வாரமே வீட்டை விட்டு வந்தேன். அதற்குப் பிறகு உன்னிடம் எதையும் கேட்க வாய் வரவில்லை. மாதம் ஆக ஆக டின் கூடியது. கூடக் கூடச் சொல்லப் பயம். அவ்வளவுதான்.

இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத முடியுமா?

ரமணன்


சிராங்கூன் சாலை
18 மார்ச்

ரித்திக் அப்பாவுக்கு,

முடியும். எழுதிவிட்டேன்.

இன்று காலை இன்ஷாவிடம் போய், பிரஸ் ஆடிட்டை இனி வேறு யாரிடமாவது கொடு, நான் இதில் சம்பந்தப்பட்டவள் என்றேன். பிறகு என் பெயரில் ஒரு தாள் கொடுத்தேன். அதில் இருப்பது இது:

'ஒன்பது ஆண்டுகள் இந்தப் படிவத்தை நான் ஒருத்தியே நிரப்பினேன். பிரஸ்ஸில் யாருக்கும் கற்றுத்தரவில்லை. சூப்பர்வைசர் திரு. ரமணன் அது பற்றி என்னிடம் சந்தேகம் கேட்டதை ஒரு விருந்தில் பன்னிரண்டு பேர் முன்னிலையில் கேலி செய்தேன். அதன் பின் அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லையே என்று நானும் கேட்கவில்லை. டின்கள் சேர்ந்ததற்குக் காரணம் இது.'

இன்ஷா இரண்டு முறை படித்தது. "ஆன்ட்டி, வெளி ஆடிட்டர் இதைப் படிப்பாரே! ஃபைல்ல இருக்குமே!"

"இருக்கட்டும்மா."

"எல்லாரும் சிரிப்பாங்க ஆன்ட்டி."

"சிரிக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, பேண்ட்ரிக்குப் போய் நின்றேன். முப்பது வருடமாக ஊரை வைத்துச் சிரித்திருக்கிறேன். என் பெயரைத் தாளில் போட்டு முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பது இப்படித்தான் இருக்குமா? யாரோ உள்ளே வந்தபோது, என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்களுக்கு அந்த மேசையில் இப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. வர்ஷாவுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கவனக்குறைவு என்று நீங்கள் எழுதினால் உங்களை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்கிறது இன்ஷா. கற்றுத்தராததுதான் காரணம் என்றால் கற்றுத்தந்தால் போதும், சூப்பர்வைசர் பதவி ஆறு மாதம் போகும், வேலை போகாது. ஆனால் நீங்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் என் தாள் செல்லும். போடாவிட்டால் அது வெறும் என் கதை. என் கதைகளின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

உறையில் தாள் இருக்கிறது. நாளை மாலைக்குள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். எதையும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், எனக்குத் தாங்காது.

மங்களம்


தெம்பனிஸ்
19 மார்ச்

மங்களம்,

தாளில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். பன்னிரண்டை அடித்துப் பதின்மூன்று என்று போட்டேன். நீயும் சிரித்தாய். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் மூடியிருக்கும். பதினோரு மணிக்கு வர முடியுமா? அந்தப் படிவத்தை எனக்குச் சொல்லிக்கொடு. நான்கு நிமிடத்தில் முடியாது. நான் மெதுவாகத்தான் செய்வேன்.

ரித்திக்கை அழைத்து வராதே.

ரமணன்