சபையில் வாசித்தது

டிசம்பர் 27, சனி. மார்த்தாண்டம்

வீடெல்லாம் முந்திரிக்கொத்து வாசனை. இவர் மேல்மாடிப் பூச்சைப் பார்க்கக் கொத்தனாரோடு ஏறி நிற்கிறார். சாம்பியாவிலிருந்து, நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஹெட்மாஸ்டர் பண்டாவின் மெயில் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் அறிவியல் எடுக்க வேண்டுமாம், ஜனவரி பன்னிரண்டில் பள்ளி திறக்கிறதாம், சம்மதம்தானா என்று கேட்கிறார்.

சம்மதமில்லை. அங்கே இருந்த மூன்று வருடம் போதும். பிரீனா தலைபின்ன அப்பாவிடம்தான் போகிறாள். என் பின்னல் இறுக்கமாக இருக்கிறதாம். பெற்ற பிள்ளை!

நாளை ஆராதனை முடிந்ததும் இவரிடம் சொல்லிவிட வேண்டும், போகவில்லை என்று.

டிசம்பர் 28, ஞாயிறு

முந்திக்கொண்டார்.

ஆராதனையில் காணிக்கைகளைச் சபைச் செயலர் செல்வதாஸ் வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். ஒருவருக்குப் பேரன் பிறந்ததற்கு, இன்னொருவருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு. அடுத்தது: “மனைவி சிந்தியா வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பள்ளியில் மேலும் இரண்டு ஆண்டுகள் பணிசெய்ய தேவன் கிருபை செய்ததற்காக, எட்சன் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை.” வேறு யாரோ சிந்தியா என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிச் சிரித்ததும்தான் உறைத்தது.

வெளியே வந்தால் ஆள் ஆளாகக் கைகுலுக்கல். வீட்டுக்கு வந்து கேட்டேன். மெயிலை என் போனில் பார்த்தாராம்.

“நீ சந்தோசப்படுவன்னு நெனச்சேன்.”

போகவில்லை என்றேன். முகம் வெளிறிவிட்டது.

“சபையில வாசிச்சாச்சே, பிள்ளே. ஆண்டவருக்கு நன்றியும் சொல்லிட்டு, இனி வேண்டாம்னு எப்பிடி சொல்லதுக்கு? ஆளுக என்ன நினைக்கும்?”

ஆளுக! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தினமும் விடியக்காலம் எழுந்து இட்லி அவிக்கிறவரும் இவர்தானே. முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

டிசம்பர் 31

பேச்சுவார்த்தை இல்லை. வருடம் முடிகிறது.

ஜனவரி 2

பண்டாவுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 9

திருவனந்தபுரம் விமான நிலையம். வாசலில் பிரீனா கேட்டாள், “அம்மா, நான் போவண்டாம்னு சொன்னா நிப்பியா?”

நான் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கார்களைப் பார்க்கப் போய்விட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 12, திங்கள். சாம்பியா

முதல் நாள். மழை. மின்சாரம் இல்லை. சாக்பீஸ் நமுத்து, போர்டில் எழுத்தே விழவில்லை. காலைக் கூட்டத்தில் பாடிய ஞானப்பாட்டின் ராகம் நம் சபையில் பாடுவதேதான், வார்த்தைகள் மட்டும் வேறு.

எட்டாம் வகுப்பில் நுழைந்ததும் ஒரே கைதட்டல். முத்தாலே என்கிற பெண் எழுந்து சொன்னாள்: “மேடம், முன்பு இருந்த இரண்டு அறிவியல் ஆசிரியர்களும் விடுமுறைக்குப் போனவர்கள் வரவே இல்லை. நீங்களும் அப்படித்தான் என்று முடிவு பண்ணியிருந்தோம்.”

நானும் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன், மக்கா. சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிறுபயறை ஈரப் பஞ்சில் வைத்து முளைவிடும் பாடத்தைத் தொடங்கினேன்.

ஜனவரி 20

இன்றும் மின்சாரம் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

ஜனவரி 30

பண்டாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், இந்த ஒரு வருடம் மட்டும்தான் என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பரீட்சை முடியும்வரை இருங்கள். ஆனால் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள்.”

சொன்னேன். முத்தாலேதான் எழுந்து, “நீங்களாவது சொல்லிவிட்டுப் போகிறீர்களே, மேடம்” என்றாள். அழுகை வந்துவிட்டது.

இனி இவரிடம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் மறுபடியும் அதே ஆளுகதான். என்ன செய்ய? செல்வதாஸ் அண்ணனின் நம்பர் என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடிவதற்கு முன்பே எழுந்து, நம் சபையின் ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் பார்த்தேன். இரண்டு தடவை அறுந்து அறுந்து வந்தது. காணிக்கை வாசிக்கும்போது மட்டும் தெளிவாக இருந்தது.

“இந்த ஆண்டின் முடிவில் வேலையை முடித்து, குடும்பத்தோடு இருக்க நிரந்தரமாய் வீடு திரும்ப தேவன் வழி திறந்ததற்காக, சிந்தியா எட்சன் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை.”

கேமரா பீடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இவர் முகம் தெரியவில்லை. ஆராதனை முடிந்தும் போன் வரவில்லை. தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. பிறகு வந்தது.

“ஏட்டி, ஆளுக எல்லாம் எனக்க கையப் பிடிச்சுக் குலுக்குது.”

“நீங்க என்ன சொன்னிய?”

“என்ன சொல்லதுக்கு? சபையில வாசிச்சாச்சில்லா.”

சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. அதற்குள் பிரீனா போனைப் பிடுங்கிவிட்டாள்.

“அம்மா, வந்தா எனக்கு லேசாட்டு பின்னுவியா?”

பின்னுவேன் என்றேன்.