தேன் பாட்டில் என் பையில இருக்கு

ஏங்க, தேன் பாட்டிலைத் தேடாதீங்க. வேலைக்குக் கையோட எடுத்துட்டுப் போறேன். தேன் கிருமியைக் கொல்லும், யார் இல்லைன்னாங்க? சின்னப் புண்ணுக்குச் சரி. உங்களுக்கோ சர்க்கரை வியாதி, தேனைத் தடவிக்கிட்டே இருந்து கால் விரல் கறுத்தே போச்சு.

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. பத்து மணிக்கு எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வருவார். கதவைப் பூட்டிக்கிட்டு வீறாப்பு காட்டாதீங்க, இன்னொரு சாவி அவர்கிட்ட இருக்கு.

நேத்து கத்தினதுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். விரலை எடுத்துடுவாங்கன்னு பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. "வலியே இல்லை, ஆறிட்டு வருது"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

பி.கு.: நேத்து சாயங்காலம் உங்க கட்டுக்குள்ள எறும்பு மொய்ச்சிருந்தது. நான்தான் பார்த்துத் தட்டிவிட்டேன். நீங்க தூங்கல. பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க.