கவிழ்த்து வைத்த கோப்பை

நோர்வேயிலிருந்து உன் அண்ணா அனுப்பிய பொதிக்குள் ஒரு மருந்துப் போத்தல் இருந்தது. உள்ளே சிவப்பு எண்ணெய்க் குளிசைகள். என் மூட்டுநோவுக்காம். போத்தலில் இருந்த படத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அது உன்னுடைய கடல் பூச்சி. அதன் எண்ணெயைத்தான் உருவி அடைத்திருக்கிறார்கள்.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில், பாதை திறந்ததும், அவர் அனுப்பிய சஞ்சிகையில்தான் அதை எனக்குக் காட்டினாய். விசுவமடுப் பள்ளிக்கூடத்தில் நீ விலங்கியல் படிப்பித்தாய், நான் கணக்கு.

"எடி, பூச்சியில்லை, இறாலின்ர இனம். பார், உடம்புக்குள்ள எண்ணெய்ப் பை!"

துருவக் கடலில் கோடை கொஞ்சக் காலந்தான். அதற்குள் பாசியைத் தின்று கொழுத்து, பிறகு இருண்ட ஆழத்துக்கு இறங்கி, அந்த எண்ணெயிலேயே பனிக்காலத்தைக் கடத்தும். தாய் ஒன்றும் தின்னாமல் அதைக் கரைத்தே முட்டையும் இடும் என்றாய்.

"எங்கட இடப்பெயர்வு மாதிரித்தான்" என்றேன்.

"அது எங்களைவிடக் கெட்டிக்காரி. சாமானை வளவுக்குள்ள, மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுப் போறேல்லை" என்று சிரித்தாய்.

அப்படிச் சிரித்த நீயே கடைசி இடப்பெயர்வில் புழுங்கலரிசி அடைத்த இரும்புப் பரலை வளவில் தாட்டாய். கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம், அரிசியை மண்ணுக்குள் விட்டோம். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து பழகியவர்கள் அல்லவா? "மாரி முடிய வந்து கிண்டுவம்" என்றாய்.

கடற்கரையில், தறப்பாள் கூடாரத்துக்குள், உன் மகள் பால்குடி மறக்கவில்லை. நான் கஞ்சிக்குக் கூப்பிடும்போதெல்லாம், "நான் சாப்பிட்டிட்டன்" என்பாய். உன் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். உன் பங்கையும் அவளுக்கே தீத்தியது எனக்குத் தெரியாது.

ஒரு காலை நீ எழும்பவில்லை. தூக்கினேன். ஒற்றை ஆளாகத் தூக்கினேன். பிறகு பிள்ளையைத் தூக்கினேன். அவள் பாரமாக இருந்தாள். அந்த இரண்டு பாரங்களும் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

என்னைச் சித்தி என்றே கூப்பிட்டு என்னிடம் வளர்ந்தவள், இன்று போத்தலைப் பற்றிக் கேட்டாள். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"முட்டை போட்ட பிறகு தாய்க்கு என்ன நடக்கும், சித்தி?"

அதையும் நீ அன்றைக்கே சொல்லியிருந்தாய். நான் போத்தலின் மூடியை இறுக்கினேன்.

எங்கள் வீட்டில், சாப்பிட்ட கோப்பையை எனக்குக் காட்டாமல் யாரும் கழுவக் கூடாது. அவளுடைய தோழிகள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். இன்றும் எச்சில் கோப்பையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சாப்பிட்டிட்டன். பாருங்கோ."

பார்த்தேன்.