தனியாகப் பறக்க ஒரு கையெழுத்து

அன்பு இல்தா,

காலையில் ஓர்வெக் என்ற மாணவனுக்குத் தனியாகப் பறக்க அனுமதி மறுத்துவிட்டேன். இந்தக் கடற்படை விமானப் பள்ளியில் அவனைவிடக் கெட்டிக்காரன் இல்லை.

"எங்க தப்பு பண்ணேன், கேப்டன்? சொன்னாத்தானே திருத்திக்க முடியும்?" என்றான்.

தப்பே இல்லை. என்னோடு பறந்து தரையிறங்கும்போது நம் மகனைப் போலவே சீட்டியடித்தான், அவ்வளவுதான். நம் மகன் கடைசியாகப் பறந்த அன்று அனுமதித் தாளில் கையெழுத்திட்டவன் நான். நீ அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

மதியம் மனம் கேட்காமல் ஓர்வெக்குக்கு அனுமதி எழுதிக் கொடுத்தேன். அவன் கடலுக்கு மேலே போனான். நாற்பது நிமிடம் ஓடுபாதையோரம் நின்றேன். பத்திரமாக இறங்கி வந்து, "பாத்தீங்களா, கேப்டன்!" என்று சிரித்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தாலா, அவனைப் பெற்றவர்கள்மேல் வந்த பொறாமையாலா, தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் கணவன்