கிணற்றுத் தண்ணீர்

18 ஜூன் 2006, ஞாயிறு

அந்தப் பழைய ஓட்டு வீட்டையும் அதைச் சுற்றியுள்ள அரை ஏக்கரையும் நாளை எங்கள் பெயருக்குப் பதிவு செய்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று கடைசியாக ஒருமுறை பார்த்துவரப் போனோம். போனதும் வேலியோரம் வாந்தி எடுத்தேன். இவர் உள்ளே உடைந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. வீட்டை விற்கிற அம்மா கவனித்துவிட்டார். தண்ணீர் கேட்டேன். வாசலில் இருந்த கிணற்றை விட்டுவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய் ஒரு சொம்பில் வாங்கி வந்தார்.

“ஏங்க்கா, கெணத்துத் தண்ணி நல்லா இருக்காதா?”

அவர் தன் கணவர் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எத்தன மாசமுங்க கண்ணு?”

“மூணு.” முன்பு இரண்டு முறை தங்காமல் போனதால் இவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப அதைக் குடிச்சுப்போடாதீங்க சாமி. சாயப்பட்டறக் கழிவுத்தண்ணி கெணத்துல எறங்கிருச்சுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் இவரிடம் இரண்டையும் சொன்னேன். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிய லாரில வாங்கிக்கிடலாம். நம்ம பிள்ள இந்த வாடகை லைன் வீட்ல பொறக்க வேண்டாம். சொந்த வீட்லயே பொறக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் கிணற்றுப் பேச்சை மறுபடி எடுத்தேன். இவர் காதில் விழவில்லை. அந்த வீட்டில் தொட்டில் கட்ட எந்த உத்தரம் தாங்கும் என்று என்னிடமே கேட்கிறார்.