தகுதிக் குறைவு காரணமாக

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள வெங்கடராமன் அவர்களுக்கு,

வணக்கம். நானும் ராதாவும் சௌக்கியம். மெல்போர்னில் குளிர் அதிகம் என்று உங்கள் மகன் ரகு ராதாவிடம் போனில் சொன்னாராம். காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். முன்பு அனுப்பிய மின்னஞ்சல்கள் வந்தனவா என்று தெரியவில்லை. பதில் கேட்டு எழுதவில்லை. முகவரியைச் சரியாகத்தான் போட்டேனா என்ற சந்தேகம், அவ்வளவுதான்.

நம் குடியிருப்புச் சங்கத்தில் மின்னஞ்சலை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாடி சௌம்யா, தன் ஆபீசில் செய்வதுபோல, இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்திருக்கிறாள். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் இனி அதில்தான்.

முன்பெல்லாம் எந்த அறிவிப்பையும் முதலில் உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் இரண்டு கமாவை எடுத்துவிட்டு, "பேஷ், அனுப்பலாம்" என்று எழுதுவீர்கள். உங்கள் மனைவி காந்தா அம்மா காலமாகி, நீங்களும் மகனோடு போன பிறகு, அந்த 'பேஷ்' இல்லாமல் ஒரு வரிகூட எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை தண்ணீர் லாரி வரும் என்ற அறிவிப்பைத் திருத்தித் திருத்தி, லாரி வந்து போன பிறகு அனுப்பினேன். ஆகவே செயலாளர் பொறுப்பை விட்டுவிடத் தீர்மானித்தேன்.

சென்ற ஞாயிறு அந்தப் பக்கத்தின் அடியில் ராஜினாமாவை எழுத ஆரம்பித்தேன். முடித்துப் பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். "தகுதிக் குறைவு காரணமாக" என்று எழுதினேன். மறைந்துவிட்டது. விரல் எங்கோ பட்டிருக்கும் என்று மறுபடி எழுதினேன். மறுபடியும் மறைந்தது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, துணியால் துடைத்து, கையையும் கழுவிக்கொண்டு வந்து எழுதினேன். என் கண்ணெதிரிலேயே கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. ராதா எட்டிப் பார்த்து, "வைரஸா இருக்கும், தொடாதீங்க" என்றாள்.

அதற்குள் சௌம்யாவின் போன். வைரஸ் என்று சொன்னேன். "அங்கிள், நீங்க டைப் பண்றது அப்பப்பவே எங்க எல்லாருக்கும் தெரியுது. அது வைரஸ் இல்ல, டென்சில் அங்கிள்!"

நம் பொருளாளர் டென்சிலை உங்களுக்குத் தெரியுமே, அரை டிராயரோடு மாடியேறி வந்துவிட்டார். "என்ன சார் பேஜாரு! சர்ச்ல பூசைக்குக் கிளம்பணும், உங்க தகுதிய அழிச்சு அழிச்சே கை வலிக்குது. அடுத்த தடவை எழுதினா கீபோர்டையே தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார். ராதா அவருக்குக் காபி கொடுத்தாள், எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், 'ராஜினாமா' என்ற தலைப்பைச் சௌம்யா 'அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு' என்று மாற்றியிருந்தாள். அழைப்பவர் என்ற இடத்தில் என் பெயர். நான் அதை அழிக்கவில்லை.

புதன்கிழமை தண்ணீர் அறிவிப்பை அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். டென்சில் ஒரு கமாவை எடுத்தார். எடுக்கக்கூடாத கமா. நீங்களாக இருந்தால் தொட்டிருக்க மாட்டீர்கள். திரும்பப் போட்டேன். அறிவிப்பு லாரிக்கு முன்பே வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். யாரும் பார்க்காமல் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது.

ஒரு வேண்டுகோள். சௌம்யாவிடம் சொல்லி உங்களையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், திருத்தவும் வேண்டாம். யார் திறந்தாலும் அவர் பெயரின் முதலெழுத்து மேலே ஒரு வண்ண வட்டத்தில் தெரிகிறது. காலையில் நான் எழுத உட்காரும்போது உங்களுக்கு மத்தியானம். சாப்பிட்டதும் சற்று நேரம் திறந்து வையுங்கள். வட்டத்தில் ஒரு 'வெ' தெரிந்தால் போதும். கமாக்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள்,
கோவிந்தராஜன்