நாலு போதும் என்றாயே

நெல் அவியும் வாடை துப்பட்டாவை விட்டுப் போகவில்லை. மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து இப்போதுதான் நம் பட்டறைக்குத் திரும்பினேன். உனக்குப் பிடித்த வாடை. எனக்கு இன்றைக்கு எரிச்சல்தான் வருகிறது, அதுவும் உன்மேல்.

நீ போன பிறகு நான் தனியாகச் செய்து விற்ற முதல் இயந்திரம் அது. நாம் வழக்கமாகச் செய்யும் கலர் சார்ட்டர்தான். கேமரா பார்த்துச் சொல்லும், காற்று கெட்டுப்போன கருப்பு அரிசியை ஊதித் தள்ளும். இதில் கேமரா புதிது, எட்டு பிராசசர் உள்ள கணினி போர்டும் புதிது. ஓடவிட்டால் கருப்பு அரிசி பாதி அப்படியே மூட்டைக்குள் போகிறது. சம்பா அறுவடை நேரம், வாசலில் லாரிகள் நிற்கின்றன. ஆலைக்காரர் ஒரு பிடி அரிசியை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார்.

"என்னம்மா இது, பழைய மிஷினே தேவலை போலருக்கே? அந்த அம்மா இருந்தப்ப இப்படி ஆனதில்லையே. சாயந்தரத்துக்குள்ள சரியாகலைன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

அந்த அம்மா நீதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தவிட்டுத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

லென்ஸைத் துடைத்தேன். காற்றுக் குழாய்களைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், கணினி துவங்கும்போது திரையில் ஓடும் வரிகளை நிறுத்திப் படித்தேன். பிராசசர் எல்லை நான்கு, மீதியைக் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு வரி இருந்தது. எட்டில் நான்கு சும்மா உட்கார்ந்திருக்க, மற்ற நான்கும் கேமரா அனுப்பும் படங்களைப் பார்த்து முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தன.

யார் வைத்த எல்லை அது? கணினியை உள்ளிருந்து ஓட்டும் லினக்ஸ் கர்னலை நமக்கு ஏற்றபடி கட்டுவது உன் வேலை, கேமராவும் இரும்பும் என் வேலை. நீ கட்டிவைத்ததைத்தான் இதிலும் ஏற்றியிருந்தேன். கட்டும்போதே எத்தனை பிராசசர் வரை ஏற்கலாம் என்று ஓர் எண் கேட்கும். நாம் செய்யும் எல்லா இயந்திரத்துக்கும் அதுதான் போகப்போகிறது, அறுபத்துநான்கு வைத்துவிடு என்று அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டேன்.

"வராத ஆளுக்கு எதுக்குடி இலை போடறே? ஒவ்வொரு இலைக்கும் மெமரி போகுது. நாலு போதும்" என்றாய்.

அன்றைய போர்டில் மெமரி கொஞ்சம்தான். நீ சொன்னது தப்பில்லை. ஆனால் போர்டு மாறும், கேமரா மாறும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா? எதிலும் இப்படித்தான் நீ. பெட்ரோல்கூட அளந்துதான் போடுவாய். ஒரத்தநாடு ரோட்டில் வேகாத வெயிலில் உன் வண்டியை நான் தள்ளியது கொஞ்சநஞ்சமா? திட்டினால், "தள்ளு தள்ளு, உடம்புக்கு நல்லது" என்று சிரிப்பாய்.

உன் உடம்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டே கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாய். கேட்டால், "வெறும் கேஸ்தான்டி, ஒரு சோடா குடிச்சா போயிடும்." பெரிய ஆஸ்பத்திரி ஆட்டோவில் போகிற தூரம்தானே? இதற்குமேல் முடியவில்லை என்று அந்தக் கர்னல்கூட ஒரு வரி எழுதியது. உனக்கு என்ன கேடு வந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே.

ஆலை அலுவலகத்திலேயே உட்கார்ந்து கர்னலைத் திரும்பக் கட்டினேன். அறுபத்துநான்கு என்று தட்டினேன். "வேஸ்ட்டுடி" என்று காதுக்குள் நீ. அழித்துவிட்டுப் பதினாறு போட்டேன். இந்தப் போர்டில் மெமரிக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் உன்னிடம் பேரம் பேசாமல் ஓர் எண் வைக்க எனக்கு வரவில்லை. ஓடவிட்டதும் கருப்பு அரிசி தனியாகக் கொட்டியது. ஆலைக்காரர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"இப்பத்தான் அந்த அம்மா செஞ்ச மாதிரி இருக்கு."

உன் தப்பைத் திருத்தியது நான், பெயர் உனக்கு. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் நம் பட்டறை முனை டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். வாய் தானாக "ரெண்டு டீ" என்றுவிட்டது. கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு கிளாஸ் வைத்தார்.

வராத ஆளுக்குத்தான்டி. இரண்டையும் நானே குடித்தேன்.